யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம்: தோற்றமும் இழப்பும்

தமிழ் வழங்கும் நிலங்களில் நூல்களைத் தொகுத்துப் பேணும் வழக்கம் தொன்மையானது. ஆயினும் அங்ஙனம் தொகுத்தோர் யாவர் என நோக்குமிடத்து, அவர் பெரும்பாலும் அரசராகவோ மடாதிபதிகளாகவோ செல்வராகவோ தனிப் புலவராகவோ இருத்தலைக் காண்கின்றோம். தஞ்சைச் சரசுவதி மகால் நாயக்கராலும் மராட்டிய மன்னராலும் வளர்க்கப்பெற்று, 1918ஆம் ஆண்டிலேயே பொதுமக்கள் உடைமையாயிற்று. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் நூற்றொகுதி 1901இல் பாண்டித்துரைத் தேவரின் வள்ளன்மையால் தோன்றியது. திருவாவடுதுறை, தருமபுரம் முதலிய ஆதீனங்களின் சுவடிகளோ அவ்வம்மடத்தின் உடைமையாகவே இருந்து வந்தன. ஊரார் தாமே கூடித் தமக்கென நூல்நிலையம் ஒன்றை அமைத்து, அதனை ஊராட்சி மன்றத்தின் பொறுப்பில் வைத்து, வரிப்பணத்தாலும் நன்கொடையாலும் வளர்த்த வரலாறு நம்மிடையே மிகுதியாக இல்லை. யாழ்ப்பாணப் பொது நூல்நிலையத்தின் வரலாறு அத்தகையதொன்று.

இந்நூல்நிலையத்தைப் பற்றி எழுதியோர் பலர். எனினும் அவர் எழுதியனவற்றுட் பெரும்பகுதி 1981ஆம் ஆண்டின் தீயில் தொடங்கித் தீயிலேயே முடிகின்றது. அது இயல்பே. ஆனால் எரிந்தது யாது என்பதனைச் சரியாக அறியாமல் எரிந்தமைக்கு இரங்குதல் ஆராய்ச்சியாளர்க்கு அமையாது. உள்ளதை மிகைப்படுத்திக் கூறும் கூற்றுகள் சில, நல்ல நோக்கத்தோடு எழுந்தனவேயாயினும், உண்மையான இழப்பை மறைத்து விடுகின்றன என்பது நம் கருத்து. அதனை நிறுவுதற்கு முதற்கண் நூல்நிலையம் வளர்ந்த முறையினைக் காண்பாம்.

யாழ்ப்பாணத்திற் புதிய கல்விக்கு அடிகோலியவர் அமெரிக்க மிஷனரிமார். 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரி ஒன்று நிறுவப்பெற்றது. 1841இல் உதயதாரகை வெளிவரத் தொடங்கியது. அவர்தம் சமய முயற்சிகளை எதிர்த்தெழுந்த ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சியந்திரம் நிறுவி, சைவ நூல்களையும் இலக்கண இலக்கியங்களையும் பாடநூல்களையும் பதிப்பித்தார். வட்டுக்கோட்டையிற் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னை சென்று 1887இற் கலித்தொகையை அச்சேற்றினார். இவ்விரு நீரோட்டங்களும் தம்முட் பகைத்தனவேனும், நூலை அச்சிட்டுப் பலர் கையிற் கொடுத்தல் வேண்டும் என்னும் ஒரு பொருளில் ஒன்றுபட்டன. இதன் பயனாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே குடாநாட்டில் எழுத்தறிந்தோர் தொகை பெருகியிருந்தது. பின்னர் ஊர்தோறும் ‘வாசிகசாலை’ என்னும் பெயரில் இளைஞர் சிறு நிலையங்களைத் தொடங்கினர். கோயில் வீதியிலோ சந்தியிலோ ஓர் ஓலைக் கொட்டில், இரண்டு வாங்கு, சில செய்தித்தாள்: இவ்வளவே அதன் உடைமை. பொது நூல்நிலையம் ஒன்றிற்கு வேண்டிய வாசகரை ஆக்கித் தந்தவை இவ்வாசிகசாலைகளே. இவற்றின் வரலாறு தனியே எழுதத்தக்கது.

இந்நிலையில், 1933ஆம் ஆண்டில் க. மு. செல்லப்பா என்பார் தம் இல்லத்திலிருந்த நூல்களைப் பிறர்க்கு வாசிக்கக் கொடுத்துவரத் தொடங்கினார். தம்மிடமுள்ள நூல்கள் போதாமையை விரைவில் உணர்ந்த அவர், யாழ்ப்பாணத்தில் இலவசமான மத்திய தமிழ் நூல்நிலையம் ஒன்று அமைத்தல் வேண்டும் என அதே ஆண்டிற் பொதுமக்கட்கு வேண்டுகோள் விடுத்தார். முதலியார் செ. இராசநாயகம் தம் ‘யாழ்ப்பாணச் சரித்திரத்’தை வெளியிட்டதும் அவ்வாண்டிலேயே. ஒரு நாட்டார் தம் வரலாற்றை எழுதிக்கொள்வதும் தமக்கு நூல்நிலையம் வேண்டுவதும் ஒரே காலத்தில் நிகழ்ந்தமை தற்செயலாகவும் இருக்கலாம். நாம் அங்ஙனம் எண்ணவில்லை.

வேண்டுகோளைக் கேட்டோர் 1934இற் கூடிக் குழு ஒன்று அமைத்தனர். நீதித்துறையில் விளங்கியவரும் தமிழறிஞருமாகிய ஐசக் தம்பையா தலைவராகவும், செல்லப்பா செயலாளராகவும் அமைந்தனர். 1934 ஆகஸ்ட் முதல் நாள் ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்குப் பெற்ற ஓர் அறையில் நூல்நிலையம் திறக்கப்பெற்றது. அன்று அங்கிருந்தவை 844 நூல்களும் ஏறக்குறைய 30 இதழ்களுமே. 1935 ஜனவரி முதல் நாளில் யாழ்ப்பாண நகரசபை அதனை ஏற்றுக்கொண்டது.

இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்டது ஐந்து திங்கள் என்பது ஊன்றி நோக்கற்பாலது. தனி ஒருவர் வீட்டில் தொடங்கிய தொகுதி குழுவினர் கைக்கு வந்து, அக்குழுவினரும் தம் உரிமையை நாட்டாது, கணக்கு ஒப்புவித்து நகரசபையிடம் தந்தனர். நம் சங்கங்களின் வரலாற்றைப் பயின்றோர்க்கு இஃது எத்துணை அரிதான செயல் என்பது விளங்கும். நிறுவியவரின் பெயரைத் தாங்கி, அவர்தம் வழியினர் பூட்டி வைத்திருக்கும் நூற்றொகுதிகள் எத்தனையோ கரையானுக்கு இரையாகியமையை நாம் அறிவோம். செல்லப்பாவின் பெயர் அந்நூல்நிலையத்தின் முகப்பில் இடம்பெறவில்லை; ‘பொது’ என்னும் சொல்லே இடம்பெற்றது. சென்னை மாகாணத்திற் பொது நூல்நிலையச் சட்டம் இயற்றப்பெற்றது 1948இல்தான். அதற்குப் பதின்மூன்று ஆண்டுகட்கு முன்னரே, நூல்நிலையம் நடத்துதல் ஊராட்சி மன்றத்தின் கடமை என்பதனை இச்சிறு நகரம் செயலில் ஒப்புக்கொண்டு விட்டது.

பின்னர்ப் பதினைந்து ஆண்டுகளைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. நூல்கள் பெருகின, இடம் போதாமையின் நூல்நிலையம் இடம் மாறியது. 1949இல் நகரசபை மாநகரசபையாக உயர்த்தப்பெற்றது. அதன் முதல்வராகிய சாம் ஏ. சபாபதியும், புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக விளங்கிய அயர்லாந்து நாட்டுக் கத்தோலிக்கத் துறவி லோங் அடிகளாரும் முன்நின்று, நிலையான கட்டடம் ஒன்றை எழுப்புதற்கு முயன்றனர். பணம் திரட்டிய முறை சுவையானது. களியாட்டு விழாக்கள் நடத்தினர். அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்றனர். வெளிநாட்டுத் தூதரகங்களையும் அணுகிப் பொருள் பெற்றனர். கலைமகளுக்குக் கோயில் எடுக்கச் சூதின் துணையை நாடலாமோ என வினவுவார் அக்காலத்தும் இருந்திருப்பர். நூல்நிலையம் அமைந்த பின்னர் அவ்வினாவை எவரும் எழுப்பியதாகத் தெரியவில்லை.

கட்டடத்தின் வரைபடத்தை ஆக்கியவர் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன். நூல்நிலைய ஒழுங்கமைப்பிற்கு ஆலோசனை வழங்கியவர் சீர்காழியிற் பிறந்து உலகப் புகழ் எய்திய நூலகவியல் அறிஞர் சீ. இரா. அரங்கநாதன். திராவிடக் கட்டடக் கலையின் சாயலில், நடுவே குவிமாடத்துடன் எழுந்த அக்கட்டடத்தின் முதற்பகுதி 1959 அக்டோபர் 11ஆம் நாள் மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பாவால் திறந்து வைக்கப்பெற்றது. சிறுவர் பகுதி 1967இல் திறக்கப்பெற்றது. கத்தோலிக்கத் துறவி ஒருவர் உழைத்து எழுப்பிய நிலையத்தின் முன்றிலில் இன்று கலைமகள் சிலை வீற்றிருக்கின்றது. சமயப் பூசலிற் பிறந்த யாழ்ப்பாணத்து அச்சுக்கலை நூறாண்டின் பின் வந்து சேர்ந்த இடம் இதுவாகும்.

தொகுதியின் வளர்ச்சிக்கு வருவாம். மாநகரசபை விலைக்கு வாங்கிய நூல்களோடு, தனி அறிஞர் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த தொகுதிகளும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஏட்டுச்சுவடிகளும், குடாநாட்டிலிருந்து வெளிவந்த பழைய இதழ்களின் கட்டுகளும் அவற்றுள் அடங்கும். 1981இல் நூல்களின் தொகை 97,000 எனக் கணக்கிடப்பெற்றுள்ளது. 844 என்னும் தொகை நாற்பத்தேழு ஆண்டுகளில் 97,000 ஆயிற்று எனின், ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் நூல்கள் சேர்ந்தன என்பது பெறப்படும். பேரரசோ பல்கலைக்கழகமோ பின்னிற்காத ஒரு நகரம் இதனைச் செய்தது.

1981 ஜூன் 4ஆம் நாள் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நடைபெற இருந்தது. மே 31ஆம் நாள் நாச்சிமார் கோயிலடியில் நிகழ்ந்த தேர்தற் கூட்டத்திற் காவலர் சுடப்பட்டு மாண்டனர். அதனை அடுத்து, தென்னிலங்கையிலிருந்து கொணரப்பெற்றிருந்த காவற்படையினரும் அவரோடு சேர்ந்தாரும் நகரிற் புகுந்து கடைகளையும், தமிழர் விடுதலைக் கூட்டணியின் அலுவலகத்தையும், யாழ்ப்பாணத் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் இல்லத்தையும், ஈழநாடு நாளிதழின் பணிமனையையும் எரித்தனர். நூல்நிலையம் எரிந்தது ஜூன் முதல் நாள் இரவில். மே 31 இரவென எழுதுவாரும் உளர். தன் கல்லூரி மாடியிலிருந்து தீயைக் கண்ட மொழியியல் அறிஞர் தாவீது அடிகள் அதிர்ச்சியால் உயிர் நீத்தார் எனப் பலரும் எழுதியுள்ளனர். தமிழின் சொற்பிறப்பியலை ஆராய்ந்து அகராதி தொகுத்து வந்தவர் அவர் என்பது தமிழ்த்துறை மாணவர் நினைவிற் கொள்ளத்தக்கது. இக்கொடுமைக்காக எவரும் தண்டனை பெற்றிலர். 2016இல் இலங்கைத் தலைமை அமைச்சர் நாடாளுமன்றத்தில் வருத்தம் தெரிவித்தார்.

இனி, எரிந்தது யாது என்னும் வினாவை எடுத்துக்கொள்வாம்.

இந்நூல்நிலையம் ‘ஆசியாவிலேயே பெரியது’ எனப் பலவிடத்தும் எழுதப்பெற்றிருக்கின்றது. 1981இற் கல்கத்தா தேசிய நூலகம் பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட நூல்களைக் கொண்டிருந்தது. தோக்கியோவின் தேசிய நூலகம் அதனினும் பெரிது. எனவே அக்கூற்று பொருந்தாது. அது வேண்டியதும் அன்று. அளவாற் பெரிதாயிருந்தமையாலேயே அழிவு பெரிதாயிற்று எனக் கொள்வோமாயின், சிற்றூர் வாசிகசாலை ஒன்று எரியுமிடத்து வருந்த வேண்டியதில்லை என்றாகும்.

இரண்டாவது கூற்று நம் ஆராய்ச்சிக்கு இன்னும் நெருங்கியது. யாழ்ப்பாண வைபவமாலையின் எஞ்சியிருந்த ஒரே படி இத்தீயில் அழிந்தது என ஆங்கிலத்தில் எழுதியோர் சிலர் கூறினர்; அதனைத் தமிழிலும் எடுத்தெழுதுகின்றனர். ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய அவ்வுரைநடை நூல் 1879இலேயே பிறிற்றோவால் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிடப்பெற்றது. நல்லூர் ஞானப்பிரகாச அடிகள் 1928இல் ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ எழுதி அந்நூற் செய்திகளை வரிக்கு வரி ஆராய்ந்தார். குல. சபாநாதன் அதன் மூலத்தைப் பதிப்பித்தார். இராசநாயக முதலியார் அதனை மறுத்தும் ஏற்றும் வரலாறு எழுதினார். இவையனைத்தும் தீக்கு முன்னர் நிகழ்ந்தன. நூல்நிலையத்திலிருந்த அதன் பழைய ஏட்டுப்படி எரிந்திருப்பின், பாடவேறுபாடு காண்பார்க்கு அது பேரிழப்பே. நூல் எரியவில்லை. ஏடு வேறு, நூல் வேறு என்னும் இவ்வேறுபாட்டை நாம் விட்டுவிடலாகாது. இத்தவற்றைத் திருத்தாது விடுவோமாயின், வைபவமாலையின் அச்சுப்படி ஒன்றைக் காட்டி ‘எரிந்ததெனக் கூறிய நூல் இதோ இருக்கின்றதே’ எனப் பகைவர் கூறுதற்கு இடம் தந்தவர் ஆவோம்.

அங்ஙனமாயின் உண்மையில் அழிந்தவை யாவை? நாவலர் பதிப்புகளோ தாமோதரம்பிள்ளை பதிப்புகளோ அல்ல. அவற்றுட் பல சென்னையில் அச்சானவை. தமிழகத்து நூல்நிலையங்களில் இன்றும் உள்ளன. சுன்னாகம் குமாரசுவாமிப் புலவர் நூல்களும் அத்தகையனவே. பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்துச் சிறு நூல்களுள் ஒரு பகுதி இலண்டனுக்குச் சென்று சேர்ந்துள்ளமையை, பார்னெட்டும் போப்பும் தொகுத்து 1909இல் வெளியான பிரித்தானிய அருங்காட்சியகத்துத் தமிழ் நூற்பட்டியில் காணலாம். ஆகவே, வியப்பாகத் தோன்றினும், அச்சு நூல்களைப் பொறுத்தவரை பழையன ஓரளவு தப்பின. பிற்பட்டன மிகுதியும் மாண்டன என்பதே நாம் எய்தும் முடிபு. ஏட்டுச்சுவடிகட்கு இம்முடிபு பொருந்தாது என்பது சொல்லாமலே விளங்கும்.

1909க்கும் 1981க்கும் இடைப்பட்ட எழுபது ஆண்டுகளில் குடாநாட்டுச் சிறு அச்சகங்கள் வெளியிட்டன எவ்வகையின என எண்ணிப் பார்ப்பின் இது தெளிவாகும். ஊர்க்கோயிலின் மீது பாடிய ஊஞ்சற் பதிகம், அந்தாதி. சைவர்க்கும் கிறித்தவர்க்கும், பின்னர்ச் சைவர்க்கும் சைவர்க்கும் இடையே எழுந்த கண்டனத் துண்டுகள். பள்ளிக்கூட ஆண்டு மலர்கள். கூட்டுறவுச் சங்க அறிக்கைகள். கோயில் நுழைவை வேண்டியும் எதிர்த்தும் வந்த அறிக்கைகள். நாடகப் பாட்டுப் புத்தகங்கள். இவற்றோடு ‘கல்வெட்டு’ என ஈழத்தில் வழங்கும் ஒருவகைச் சிறு நூலையும் சேர்த்தல் வேண்டும். தமிழகத்து மாணவர் இதனைக் கற்சாசனம் என மயங்கற்க. ஒருவர் இறந்து முப்பத்தொராம் நாளில், அவர்தம் மரபும் வாழ்வும் கூறி, உற்றார் புலம்புவதாகச் செய்யுள் அமைத்து, அச்சிட்டு வழங்குவது அது. மரபுவழி, மணத்தொடர்பு, சீதனம், மலாயாவுக்குச் சென்று புகைவண்டித் துறையில் ஆற்றிய பணி என, அரசாங்க ஆவணங்களிற் காணவியலாத குடும்ப வரலாறு முழுவதும் அதன் விருத்தங்களில் அடங்கும். செய்யுளின் சுவை பற்றி நாம் வாதாட வரவில்லை. பல மிகச் சாதாரணமானவை. ஆயினும் ஊர்ப் புலவர் பரம்பரையின் இறுதி மூச்சு அவற்றிலேயே ஓடியது.

இவ்வகைச் சிறு வெளியீடுகள் இருநூறு முந்நூறு படிகளே அச்சாகும். நூற்கடையில் விற்கப்படுவன அல்ல. அச்சுச் சட்டப்படி தலைநகருக்கு அனுப்பவேண்டிய படிகளை எல்லா அச்சகத்தாரும் தவறாது அனுப்பினர் எனவும் கொள்ள இயலாது. தமிழகத்து ஆராய்ச்சியாளர் கையில் இவை வருவதே இல்லை. இவற்றைத் தேடிச் சேர்த்து வைக்கும் ஆர்வமும் தகுதியும் ஒருங்கே உடையது ஊர்ப் பொது நூல்நிலையம் ஒன்றே. அரசர் நூல்நிலையம் காவியத்தையும் மருத்துவத்தையும் தொகுக்கும். மடம் சாத்திரத்தையும் தோத்திரத்தையும் தொகுக்கும். பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தை நோக்கி வாங்கும். ஊரோ தன்னையே தொகுத்துக் கொள்ளும். யாழ்ப்பாணத்தில் எரிந்தது ஓர் ஊர் தன்னைத் தொகுத்து வைத்திருந்த தொகுதி. உலகப் பெருநூல்களை மீண்டும் விலைக்கு வாங்கலாம். 1930களின் ஊஞ்சற் பதிகத்தை எங்கே வாங்குவது?

தீக்குப் பின்னர் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறுவாம். 1982இல் யாழ்ப்பாணத்து மக்கள் ‘நூல்நிலைய வாரம்’ கொண்டாடி ஆயிரக்கணக்கில் நூல்களைத் திரட்டினர். 1934இற் செய்ததனையே இரண்டாம் முறை செய்தனர் எனலாம். எரிந்த கட்டடத்தை அப்படியே நினைவுச் சின்னமாக விட்டுவைத்தல் வேண்டும் என்பாரும், பழைய வடிவிலேயே புதுக்குதல் வேண்டும் என்பாரும் இருந்தனர். கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா முன்னையதனை நாடிப் பின்புறத்தே புதிய கட்டடம் எழுப்ப, 1984இல் நூல்நிலையம் ஒரு பகுதியளவில் மீண்டும் இயங்கியது. கோட்டைக்கு அண்மையில் இருந்தமையின் போர்க்காலத்தில் அதுவும் சிதைந்தது. 1998க்குப் பின்னர் அரசாங்கம் பழைய கட்டடத்தையே பழைய தோற்றத்திற் புதுக்கியது. கருகிய சுவரை வெள்ளையடித்து மறைப்பதோ என வருந்தியோர் கருத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் அழிபாட்டில் அமர்ந்து படிக்க இயலாது. எனவே புதுக்கியதையே நாம் சரியெனக் கொள்கின்றோம். திறப்பு விழாப் பற்றி எழுந்த பிணக்கால் 2003இல் மாநகரசபை உறுப்பினர் அனைவரும் பதவி துறந்தனர். அப்பிணக்கின் பின்னணியிற் சாதியும் இருந்தது எனக் கூறப்பட்டது. நூல்நிலையம் பின்னர் விழாவின்றியே வாசகர்க்குத் திறக்கப்பெற்றது.

இழந்த சிறு வெளியீடுகளை மீட்கும் பணி வேறு வழியில் நடந்து வருகின்றது. 2005இல் தோன்றிய ‘நூலகம்’ என்னும் முயற்சி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் வீடுவீடாகத் தேடிப் பெற்று மின்வடிவில் யாவரும் காண வழங்குகின்றது. அதன் தொகுதிகளிற் கல்வெட்டுகளும் நினைவு மலர்களும் பெருந்தொகையாக உள்ளன. அவற்றைப் பார்வையிடும்போது ஓர் உண்மை புலனாகின்றது: இவற்றை வைத்திருந்தோர் அறிஞர் அல்லர். தந்தையின் கல்வெட்டை மகளும், பள்ளி மலரைப் பழைய மாணவரும், கோயிற் பதிகத்தைக் குருக்கள் வீட்டாரும் பெட்டகத்தில் இட்டு, இடம்பெயர்ந்த போதெல்லாம் உடன் கொண்டு சென்றிருக்கின்றனர். முதுகலை மாணவர் ஒருவர் 1909ஆம் ஆண்டின் இலண்டன் பட்டியோடு இத்தொகுதியை ஒப்பிட்டு, அச்சகவாரியாகவும் ஊர்வாரியாகவும் யாழ்ப்பாணத்து வெளியீடுகளின் நிரல் ஒன்றை ஆக்குவாராயின், எழுபது ஆண்டு இடைவெளியில் எந்த ஊர்கள் இன்னும் வெறுமையாக நிற்கின்றன என்பது தெரியவரும். அவ்வூர்களின் வழியினர் இன்று கொழும்பிலும் சென்னையிலும் தொரொன்றோவிலும் இலண்டனிலும் வாழ்கின்றனர். பெட்டகங்களும் அங்கேயே உள்ளன.